எபிசோட் 41: தண்ணிக்கு முன்னாடி போன சைக்கிள்

போன எபிசோட் முழுக்க டேட்டாபேஸ் பத்திப் பேசி உங்களைத் தூங்க வச்சேன்னு ரெண்டு மூணு பேர் நேர்லயே சொல்லிட்டாங்க. அதனால இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சாச்சு. காவிரி டெல்டாவுல மூணு நாள், கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், ஆத்தங்கரை ஓரமா சைக்கிள் ஓட்டின கதை. எப்படிப் போறது, என்ன கொண்டு போறது, காத்து எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாம் சொல்றேன். நடுவுல என் வீட்டு விஷயம் ஒண்ணும் வரும். அதைத் தவிர்த்துட்டுச் சொல்லிப் பார்த்தேன், கதை நிக்கல.

அதையே முதல்ல சொல்லிடறேன். எங்க அப்பாவுக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல ஒரு கிராமம். ஊர் பேர் வேணாம், சொந்தக்காரங்க கேக்கறாங்க. அங்க எங்களுக்கு அஞ்சு மா நிலம் இருக்கு. சிட்டி பசங்களுக்கு: மூணு மா சேர்ந்தா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 2002, 2003 ரெண்டு வருஷமும் மேட்டூர் அணையை ஜூன் 12-ல திறக்க முடியல. ரெண்டாவது வருஷம் அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்களைக் கூட்டிக்கிட்டுச் சென்னைக்கு வந்துட்டார். அப்ப எனக்கு ஆறு வயசு. இப்ப நான் ஒரு ஃபிளாட் வாங்கப் பார்க்கிறேன். அட்வான்ஸுக்குப் பணம் இடிக்குது. "அந்த நிலத்தைக் குடுத்துடலாம்டா, கடைமடை நிலத்தை வச்சு என்ன பண்ணப் போறோம்"னு அப்பா சொன்னார். கடைமடைங்கிற வார்த்தையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். அது என்னன்னு பார்த்ததில்லை. சரி, தண்ணி கிளம்பற இடத்துல இருந்து அது முடியற இடம் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துடுவோம்னு தோணுச்சு. சைக்கிள் ஏற்கனவே பால்கனியில தூசி படிஞ்சு நின்னுச்சு.

முதல்ல மண்ணைப் பத்தி. கல்லணை இருக்கிற இடம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அங்க இருந்து முத்துப்பேட்டை வரைக்கும் நான் போன வழியில ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறக்கம் இல்லை. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 95 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போனா, இந்த இறக்கம் எனக்குக் குடுக்கற உதவி வெறும் ரெண்டு வாட். டயர் உருள்றதுக்கு 30 வாட் சொச்சம் செலவாகுது. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போறதுக்கு 25 வாட். இப்ப எதிர்காத்து அதே 15 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா, காத்து தடுக்கற விசை நாலு மடங்காகும். 25 வாட் 100 ஆகும். அதே காத்து முதுகுப் பக்கம் இருந்து அடிச்சா அந்த 25 வாட் பூஜ்யம். இது என்னோட தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் புரியும். சமவெளியில மேடு பள்ளம் கணக்கே இல்லை, காத்துதான் மலை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல டெல்டாவுல மேல்காத்து, அதாவது மேற்குல இருந்து கிழக்கே அடிக்கும். அதனால அந்த மாசங்கள்ல திருச்சியில ஆரம்பிச்சுக் கடலைப் பார்த்துப் போங்க. ஐப்பசிக்கு அப்புறம் போறதா இருந்தா காத்து வடகிழக்குல இருந்து வரும், கூடவே மழையும் வரும். தை, மாசி போனா வெயில் குறைவு, அறுவடையைப் பார்க்கலாம். நிறைய பேருக்கு அதுதான் சரியான சீசன். நான் ஜூன்ல போனதுக்குக் காரணம் தண்ணி.

2025-ல ஜூன் 12 மேட்டூர் திறந்தாங்க, 15 கல்லணை திறந்தாங்க. மேட்டூர்த் தண்ணி கல்லணைக்கு வந்து சேர மூணு நாள் ஆகுதுன்னு இதுலயே தெரியும். நான் ஞாயித்துக்கிழமை நைட் ட்ரெயின் ஏறி 16-ஆம் தேதி காலையில திருச்சியில இறங்கினேன். சைக்கிளை ட்ரெயின்ல கொண்டு போறதுன்னா பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணணும். ட்ரெயினுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியாவது போயிடுங்க. பெடலைக் கழட்டிக் கையில வச்சுக்கோங்க, கியர் பக்கம் அட்டை வச்சுக் கட்டுங்க. நான் அட்டை வைக்கல. ஒரு ஸ்போக் வளைஞ்சு வந்துச்சு.

திருச்சியில இருந்து சர்க்கார்பாளையம் வழியா காவிரியோட தென்கரையைப் பிடிச்சுப் போனா 20 கிலோமீட்டருக்குள்ள கல்லணை. இந்த ரோடு ஒண்ணுக்காகவே ஒரு ஞாயித்துக்கிழமை போகலாம். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாழைத்தோட்டம், காலை ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸும் பால்காரங்களும்தான் துணை.

கல்லணையைப் பத்திப் பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, கரிகாலன், ரெண்டாயிரம் வருஷம்னு. நேர்ல பார்க்கும்போது எனக்குப் பெருசாப் பட்டது வேற. மேட்டூர் மாதிரி இது தண்ணியைச் சேர்த்து வைக்கற அணை இல்லை. பங்கு பிரிக்கற அணை. வர்ற தண்ணியை நாலாப் பிரிச்சு விடுது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், அப்புறம் புது ஆறுன்னு ஊர்ல சொல்ற கல்லணைக் கால்வாய். இந்தக் கால்வாய் மட்டும் 1934-ல மேட்டூர் கட்டினப்ப வந்தது. வெள்ளம் வந்தா கொள்ளிடத்துல தள்ளிடலாம், மத்த நேரத்துல மத்த மூணுக்கும். நம்ம பாஷையில சொன்னா லோட் பேலன்சர். சரி, சரி, இனிமே அந்த மாதிரி உவமை சொல்ல மாட்டேன்.

முந்தின நாள் தண்ணி திறக்கும்போது தூவின பூ அப்பவும் மதகு ஓரத்துல ஒதுங்கிக் கிடந்துச்சு. கூடவே நெல்லும். நான் வெண்ணாத்தங்கரையைப் பிடிச்சேன். எங்க ஊருக்குப் போற தண்ணி வெண்ணாத்துத் தண்ணிதான்.

ஆத்தங்கரைப் பாதைன்னா என்னன்னு சொல்லணும். சில இடத்துல நல்ல தார் ரோடு, சில இடத்துல செம்மண், சில இடத்துல ஜல்லி கொட்டி அப்படியே விட்டிருப்பாங்க. திடீர்னு நாணல் மண்டி வழியே இருக்காது. அப்ப இறங்கி ஊருக்குள்ள போய் அடுத்த பாலத்துல திரும்பக் கரை ஏறணும். ரோடு பைக்கோட ஒல்லி டயர் இங்க வேலைக்கு ஆகாது. 38 மில்லிமீட்டர் அகலம் இருந்தா நல்லது, காத்தையும் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க. கியர் நிறைய வேணாம். ஊர்ல ஒரு தாத்தா கேரியர்ல ஒரு மூட்டை புண்ணாக்கை வச்சுக்கிட்டு ஒத்தை கியர் சைக்கிள்ல என்னை ஓவர்டேக் பண்ணினார். பஞ்சர்தான் பெரிய எதிரி, அதுவும் சீமைக்கருவேல முள். ரெண்டு ட்யூப் எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியம். உங்க சைக்கிள்ல ஒல்லியான பிரெஸ்டா வால்வ் இருந்தா ஊர் பஞ்சர் கடை பம்ப் அதுல மாட்டாது. அதுக்கான அடாப்டர் ஒண்ணைக் கீ செயின்ல கோத்து வச்சுக்கோங்க. நான் வைக்கல. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு நடந்தேன்.

கரை மேல போகும்போது ஒரு விஷயம் உறுத்துச்சு. வயல் எல்லாம் எனக்குக் கீழ இருந்துச்சு. ஆறுன்னா பள்ளத்துல ஓடணும், நாம மேல இருந்து இறங்கி அதைப் பார்க்கணும், இல்லையா? இங்க ஆறே உசரத்துல போகுது. காரணம் டெல்டா உருவான விதம். வெள்ளம் வரும்போது ஆறு கரையைத் தாண்டும். தாண்டின உடனே வேகம் குறையும். வேகம் குறைஞ்சதும் கனமான மணலும் வண்டலும் கரை ஓரத்துலயே படியும், லேசான சேறு மட்டும்தான் தூரமாப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் படிஞ்சு படிஞ்சு, ஆறு தன்னோட மண்ணாலயே தனக்கு மேடு கட்டிக்குது. அதனாலதான் ஊர், தென்னை, மூங்கில், வாழை எல்லாம் கரையை ஒட்டி மேட்டுல. நெல்லு பள்ளத்துல. மதகைத் திறந்தாப் போதும், மோட்டாரே இல்லாம தண்ணி தானா வயலுக்கு இறங்கும். வயல்ல மிஞ்சினது இன்னும் பள்ளத்துல இருக்கிற வடிகாலுக்குப் போகும். சைக்கிள்காரனுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு. கரையை விடாம பிடிச்சுக்கிட்டா மூணு நாளும் மேட்டுல நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டே போகலாம்.

அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல, தென்பெரம்பூர் இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, தண்ணியோட முனையைப் பார்த்தேன்.

இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்குப் பின்னாடி ஆறு இருந்துச்சு. எனக்கு முன்னாடி வெறும் மணல். நடுவுல, நுரையும் சருகும் செருப்பும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கிட்டு, விரல் விரலா நீண்டு, பள்ளம் இருந்தா நின்னு நிரம்பி, அப்புறம் மறுபடி நகர்ந்து... ஒரு ஆள் நடக்கற வேகம்கூட இல்லை. வறண்டு கிடந்த மணல் முதல்ல வர்ற தண்ணியைக் குடிச்சுடும். குடிச்சது போக மிச்சம்தான் நகரும். நாய் ஒண்ணு அது முன்னாடி நின்னு குரைச்சுச்சு. கரையில நின்ன பொம்பளைங்க ரெண்டு பேர் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் இருட்டறதுக்குள்ள தஞ்சாவூர் போகணுமேன்னு கிளம்பினேன். கிளம்பினதும்தான் உறைச்சுது, நான் இப்ப தண்ணிக்கு முன்னாடி போயிக்கிட்டிருக்கேன்.

முதல் நாள் மொத்தம் 65 கிலோமீட்டர். இது தப்பு. ஜூன் வெயில்ல 40, 45 தான் நிதானமான தூரம். காலை அஞ்சரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்தணும், அப்புறம் நாலு மணிக்குத்தான் மறுபடி ஏறணும். நடுவுல ஏதாவது கோயில் மண்டபம் பார்த்துப் படுங்க. டெல்டாவுல கோயிலுக்குப் பஞ்சமே இல்லை. நேரம் இருக்கிறவங்க தஞ்சாவூர்ல ஒரு நாள் தங்கி, திருவையாறு ஒரு எட்டு போயிட்டு வாங்க. 13 கிலோமீட்டர்தான், அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு பாலம் தாண்டுவீங்க. ஊர் பேருக்கான அர்த்தம் சைக்கிள்ல போனா கணக்காத் தெரியும்.

ரெண்டாம் நாள் காலையில நீடாமங்கலம் பக்கம் போகும்போது அந்தக் கேள்வி ஆரம்பிச்சுது. டீக்கடையில சைக்கிளை நிறுத்தினேன். ஹெல்மெட், பளபள சட்டை எல்லாம் பார்த்துட்டு வழக்கமா "எந்த ஊர் தம்பி, எவ்வளவு விலை தம்பி"ன்னு கேப்பாங்க. அன்னைக்கு அது வரல. எங்க இருந்து வரேன்னு மட்டும் கேட்டாங்க. கல்லணையில இருந்து கரையைப் பிடிச்சு வரேன்னு சொன்னேன். கடையில இருந்த நாலு பேரும் திரும்பிட்டாங்க.

"தண்ணி எதுவரைக்கும் வந்துருக்கு தம்பி?"

நேத்து சாயங்காலம் தென்பெரம்பூருக்கு முன்னாடி பார்த்தேன்னு சொன்னேன். ஆழம் எவ்வளவு, கலங்கலா தெளிவா, ஒரே ஓட்டமா வருதா ஒதுங்கி ஒதுங்கி வருதான்னு அடுத்தடுத்துக் கேட்டாங்க. போன்ல எடுத்த வீடியோவைக் காட்டினேன். டீக்குக் காசு வாங்கல. அதுக்கப்புறம் அன்னைக்குப் பூராவும் இதே கேள்வி. மாடு மேய்க்கிறவர், பாலத்துல உட்கார்ந்திருந்த பெரியவங்க, பள்ளிக்கூடப் பையன்கூட ஒருத்தன். மேலே கனஅடிக் கணக்கு எல்லாம் செய்தியில வருது, வாட்ஸ்அப்ல வருது. ஆனா கண்ணால பார்த்துட்டு வந்த ஆள் நான் ஒருத்தன்தான் போல.

நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புன்னு ஒரு இடம். வெண்ணாறு அங்க மூணாப் பிரியுது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. வரிசையா ஷட்டர், இரும்புச் சக்கரம், கிரீஸ் வாசம். நான் போனப்ப ஆத்துக்குள்ள பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தாங்க. ஷட்டரை ஏத்தி இறக்கறவங்களுக்கு லஸ்கர்னு பேரு, வெள்ளைக்காரன் காலத்துப் பேரு இன்னும் மாறல. அங்க இருந்த லஸ்கர் அண்ணன்கிட்டப் பேச்சுக் குடுத்தேன். தண்ணி வந்ததும் அப்படியே மூணு ஆத்துலயும் ஓடிடாதுன்னு சொன்னார். முதல்ல தலைப்புல தேங்கி மட்டம் ஏறணும். மட்டம் ஏறினாத்தான் மூணு பக்கமும் பங்கு சரியாப் போகும். இவர் இவ்வளவு விடணும்னு மேலே இருந்து உத்தரவு வரும். "ஒரு ஷட்டரை அரை அடி கூடத் தூக்கினா இந்தப் பக்கத்து ஊர் சந்தோஷப்படும், அந்தப் பக்கத்து ஊர் என் சட்டையைப் பிடிக்கும். நானும் விவசாயி வூட்டுப் பிள்ளைதான் தம்பி, என்ன பண்றது"ன்னு சிரிச்சார்.

இப்ப ஒரு கணக்கு. கல்லணையில பிரியுது. தென்பெரம்பூர்ல வெட்டாறு பிரியுது. மூணாறு தலைப்புல மூணாகுது. அப்புறம் ஒவ்வொரு ஆத்துலயும் வாய்க்கால், கிளை வாய்க்கால். ஒவ்வொரு இடத்துலயும் தேங்கணும், மட்டம் ஏறணும், மணல் குடிக்கணும். கடைசியில இருக்கிறவனுக்கு எல்லாரும் எடுத்தது போக வரணும். கல்லணை திறந்து ஒரு வாரம், பத்து நாள், சில வருஷம் அதுக்கும் மேல. அதுக்குள்ள மேலே மட்டம் குறைஞ்சா முறை வச்சு விடுவாங்க, அப்ப இன்னும் தள்ளிப் போகும். அப்பா வருஷா வருஷம் சொன்ன "திறந்துட்டான், நமக்கு வரல" அப்படிங்கிற வாக்கியம் புலம்பல்னு நினைச்சிருந்தேன்.

ராத்திரி மன்னார்குடி. ஹரித்ரா நதிக் கரையில தோசை. அவ்வளவுதான், கால் வலி.

மூணாம் நாள் கோரையாத்தங்கரை. ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் நிலம் மாறுது. தஞ்சாவூர்ப் பக்கம் போர்வெல் வச்சிருக்கிறவங்க குறுவைக்கு நாத்து விட்டுட்டாங்க, அங்கங்க கம்பளம் விரிச்ச மாதிரி பச்சை. தெற்கே போகப் போக அந்தப் பச்சை குறைஞ்சு, கடைசியில ஒரே வெளிர்மண், வெடிப்பு. கடலோரத்துல நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. ஆத்துத் தண்ணி, இல்லாட்டி மழை, மூணாவது வழி கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் பெரும்பாலும் ஒரு போகம்தான், சம்பா. ஆனாலும் ஜூன்ல தண்ணி வந்தாத்தான் குளம் நிரம்பும், மாட்டுக்குத் தண்ணி கிடைக்கும், நிலம் உழறதுக்கு இளகும்.

ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. எங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறவரை நான் பெரியப்பான்னுதான் கூப்பிடுவேன், சொந்தம் தூரம். அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உங்கப்பன் பஸ்ஸுக்குக் காசு குடுக்கலையா"ன்னார். அப்புறம் அவரும் அதே கேள்விதான். நான் மூணாறு தலைப்பைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். "இன்னும் எட்டு நாள் வை"ன்னார்.

வாய்க்கால் வழியா நடந்து நிலத்துக்குப் போனோம். வாய்க்கால்ல ஆகாயத்தாமரை காஞ்சு கிடந்துச்சு. தூர் வாரினாங்க, தலைப்புல இருந்து பாதி வரைக்கும் வாரினாங்க, மீதி வரல. அஞ்சு மா நிலம் நான் நினைச்சதைவிடச் சின்னது. எங்க ஆபீஸ் பார்க்கிங் இதைவிடப் பெருசு. ஒரு மூலையில பனை மரம். அப்பா சின்ன வயசுல அதுல இருந்து விழுந்து கை உடைஞ்சுதுன்னு பெரியப்பா சொன்னார். அப்பா இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நிலத்தைக் குடுக்கலாம்னு பேச்சு இருக்குன்னு பெரியப்பாவுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சு. அவர் அதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "வாங்கறவன் உழுவானா, இறால் குட்டை போடுவானா?" என்கிட்டப் பதில் இல்லை. அந்தப் பக்கம் ரெண்டுமே நடக்குது.

சாயங்காலம் முத்துப்பேட்டை பக்கம் கடைசி ரெகுலேட்டர் வரைக்கும் ஓட்டினேன். இந்த ரெகுலேட்டருக்கு வேலை தலைகீழ். மேலே இருக்கிறதெல்லாம் தண்ணியை விடறதுக்கு. இது கடல் தண்ணி உள்ளே ஏறாம தடுக்கறதுக்கு. அதுக்கு அந்தப் பக்கம் அலையாத்திக் காடு, சேறு, கொக்கு, அப்புறம் கடல். பாதை முடிஞ்சுது. முத்துப்பேட்டையில இருந்து பஸ் மேல சைக்கிளைக் கட்டித் திருச்சிக்கு வந்து ட்ரெயின் ஏறினேன். செலவு பத்திக் கேப்பீங்க: மூணு நாளைக்குச் சாப்பாடு, தங்கறது, ட்ரெயின், பஸ் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. லாட்ஜ்ல சைக்கிளை ரூமுக்குள்ள வச்சுக்கலாமான்னு முதல்லயே கேட்டுடுங்க. எனக்கு ரெண்டு இடத்துலயும் சரின்னாங்க.

ஜூன் 27 காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல இருக்கும்போது பெரியப்பாகிட்ட இருந்து வீடியோ வந்துச்சு. பதினோரு செகண்ட். அந்தக் காஞ்ச வாய்க்கால்ல ஆகாயத்தாமரைச் சருகைத் தள்ளிக்கிட்டு தண்ணி வருது, பின்னாடி யாரோ சிரிக்கற சத்தம். எட்டு நாள்னு சொன்னவர் ஒரு நாள்தான் தப்பு. அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பத்து நிமிஷம் கழிச்சு அப்பா போன் பண்ணினார். ஹலோகூடச் சொல்லல.

"எத்தனை அடி நிக்குதாம்?"

கேட்டுச் சொல்றேன்னேன். ஃபிளாட் ஆளுங்க இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அடுத்த வாரம் அப்பாவும் நானும் ஊருக்குப் போறோம், இந்தத் தடவை பஸ்ல.